நுரையீரலையும் செல்களையும் எம்ஆர்ஐயில் பார்க்க: செனானா, ஃபுளோரினா, இரும்பா?

நுரையீரல் ஆராய்ச்சிக்காக எம்ஆர்ஐ பக்கம் வரும் குழுக்கள் முதலில் கேட்பது, "எந்தக் கருவி வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எதைப் பார்க்கப் போகிறோம் என்பது. மூச்சுக்காற்று நுரையீரலில் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்பதையா? போன காற்றிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் ஒழுங்காக இறங்குகிறதா என்பதையா? இல்லை, சிகிச்சைக்காகச் செலுத்திய செல்கள் நுரையீரலில் எங்கே தங்கின, எவ்வளவு தங்கின என்பதையா? மூன்றும் மூன்று வேலை. ஒன்றுக்குச் சரியான முறை அடுத்ததற்கு உதவாமலே போகலாம். குறிப்பாக, மூளையில் அருமையாக வேலை செய்யும் ஒரு செல் கண்காணிப்பு முறை நுரையீரலில் கிட்டத்தட்டக் குருடாகிவிடுகிறது. காயிலுக்கும் (உடம்பின்மேல் வைத்து சிக்னலை வாங்கும் கம்பிச்சுருள்) மென்பொருளுக்கும் பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனையான விஷயம். அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில், நுரையீரல் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். வழக்கமான எம்ஆர்ஐ பார்ப்பது உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை, அதாவது புரோட்டான்களை. நுரையீரலின் பெரும்பகுதி காற்று. ஒரு மில்லி லிட்டர் அளவுக்குத் திசு சுமார் கால் கிராம்தான் இருக்கும். ஆக, சிக்னலுக்கான சரக்கே குறைவு. அதைவிடப் பெரிய தொல்லை, கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள். ஒவ்வொன்றின் சுவரும் காற்றும் திசுவும் சந்திக்கும் எல்லை. இரண்டுக்கும் காந்தத் தன்மை வேறு என்பதால் ஒவ்வொரு எல்லையிலும் காந்தப்புலம் சற்றுக் கோணலாகிறது. கிடைக்கிற கொஞ்ச சிக்னலும் 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா, ஸ்கேனரின் காந்தப்புல வலிமைக்கான அலகு) ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் அழிந்துவிடும். 3 டெஸ்லாவில் அதற்கும் முன்பே. சாதாரண ஸ்கேன் வரிசைகள் எக்கோவை, அதாவது திரும்பி வரும் சிக்னலை, வாங்கப் போகும்போது அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. இதயமும் உதரவிதானமும் சும்மா இருப்பதில்லை என்பது அப்புறம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. டெஸ்லா கூடினால் படம் நன்றாக வரும் என்ற வழக்கமான நம்பிக்கை நுரையீரலுக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் 1.5 டெஸ்லா ஸ்கேனர் ஒன்றின் புலத்தை 0.55 டெஸ்லாவுக்குக் குறைத்து, மற்ற நவீன பாகங்களை அப்படியே வைத்துப் பார்த்தார்கள். அந்த வேலை 2019இல் வெளியானது. புலம் குறைந்ததும் நுரையீரலின் சிக்னல் பல மடங்கு நேரம் நின்றது. புது ஸ்கேனருக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், முதன்மை நோக்கம் நுரையீரல் என்றால், இதை ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

கையில் இருக்கும் ஸ்கேனரோடு

தனி வாயு, தனி காயில் எதுவும் இல்லாமல் செய்யக்கூடியவை மூன்று.

யூ.டி.ஈ. என்னும் மிகக் குறுகிய எக்கோ முறை, சிக்னல் அழிவதற்குள் 0.1 மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் அதைப் பிடித்துவிடுகிறது. கிடைப்பது நுரையீரலின் கட்டமைப்பு: தடித்த மூச்சுக்குழாய்ச் சுவர், சளி அடைப்பு, கட்டி. நுணுக்கத்தில் சி.டி. ஸ்கேனை எட்டாது. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள ஒரு குழந்தைக்கு ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டியிருக்கும்போது, கதிர்வீச்சே இல்லாத ஒரு படத்தின் மதிப்பு வேறு.

இரண்டாவது, மூச்சை அடக்கச் சொல்லாமலே எடுக்கும் முறை. நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, ஒரே குறுக்குவெட்டை விநாடிக்கு ஓரிரு படங்களுக்கு மேல் என்ற வேகத்தில் தொடர்ந்து எடுப்பார்கள். மூச்சு உள்ளே போனால் அந்த இடத்தின் அடர்த்தி குறைந்து வெளிச்சம் மங்கும்; வெளியே வந்தால் கூடும். இதயத் துடிப்போடு வரும் ரத்தமும் வெளிச்சத்தை மாற்றும், ஆனால் அதன் வேகம் வேறு. மூச்சு நிமிடத்துக்குப் பதினைந்து முறை என்றால் துடிப்பு எழுபது. இரண்டு அதிர்வெண்களையும் கணக்கில் பிரித்துவிட்டால் காற்றோட்டத்துக்கு ஒரு வரைபடம், ரத்த ஓட்டத்துக்கு ஒரு வரைபடம். 2009இல் ஜெர்மனியில் ஃபூரியர் பிரிப்பு என்ற பெயரில் வந்த இந்த எண்ணத்தை, பின்னர் ஹனோவர் குழு ப்ரீஃபுல் என்ற முறையாக வளர்த்தெடுத்தது. சொன்ன பேச்சைக் கேட்டு மூச்சை அடக்க முடியாத குழந்தைக்கும் முதியவருக்கும் இதைவிடத் தோதான முறை எனக்குத் தெரிந்து இல்லை. குறை என்னவென்றால், இது வாயுவை நேரே பார்ப்பதில்லை. அடர்த்தி மாறியதை வைத்துக் காற்று போயிருக்கும் என்று ஊகிக்கிறது.

மூன்றாவது, ஆக்சிஜனையே மாறுபாட்டுப் பொருளாகப் பயன்படுத்துவது. 1996இல் வெளிவந்த முறை. ஆக்சிஜன் மூலக்கூறுக்குக் காந்தத் தன்மை உண்டு. அறைக்காற்றிலிருந்து 100 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றும்போது, அது கரைந்த ரத்தத்திலும் திசுவிலும் டி1 நேரம், அதாவது தூண்டிய சிக்னல் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், குறைகிறது. முகமூடியும் சுவரிலுள்ள ஆக்சிஜன் குழாயும் போதும் (சாதாரண எஃகு சிலிண்டர் ஸ்கேன் அறை வாசலைத் தாண்டவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை). நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கார்பன் டைஆக்சைடு தேங்கும் நோயாளிகளுக்கு முழு ஆக்சிஜன் கொடுப்பதில் கவனம் வேண்டும். படத்தில் குறை தெரிந்தால், அது காற்று போகாததாலா, சவ்வு தடித்ததாலா, ரத்தம் வராததாலா என்று பிரித்துச் சொல்லவும் இதனால் முடியாது.

என் பார்வையில், நுரையீரல் எம்ஆர்ஐயைப் புதிதாகத் தொடங்கும் எந்தக் குழுவும் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். நேரமும் உழைப்பும் தேவை; பெரிய முதலீடு தேவையில்லை.

செனான்: விலைக்கு ஈடு உண்டா?

காற்றில் செனான் கோடிப் பங்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதிலும் எம்ஆர்ஐக்கு உதவும் செனான்-129 நான்கில் ஒரு பங்கு. அதை அப்படியே மூச்சில் இழுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு ஸ்கேனருக்குள் அணுக்கருக்கள் காந்தத் திசையில் சாய்ந்து நிற்கும் விகிதம் பத்து லட்சத்தில் சில என்ற அளவுதான். அந்தச் சிறு விகிதத்தைப் பத்துகளில் சொல்லும் சதவீதத்துக்கு உயர்த்துவதுதான் ஹைப்பர்போலரைசேஷன். ரூபிடியம் ஆவியின் மேல் 795 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சி, அதன் எலக்ட்ரான்களை ஒரே திசைக்குத் திருப்புவார்கள். அவை செனான் அணுக்களோடு மோதி அந்த ஒழுங்கைக் கைமாற்றிவிடும். மிட்செல் ஆல்பர்ட், கோர்டன் கேட்ஸ், வில்லியம் ஹாப்பர் ஆகியோரின் குழு 1994இல் எலி நுரையீரலின் முதல் செனான் படங்களை இப்படித்தான் எடுத்தது. சிக்னல் பல்லாயிரம் மடங்கு கூடுகிறது.

ஸ்கேன் நாளில் நடப்பது இது. இந்த வேலையைச் செய்யும் கருவியான போலரைசர் இருக்கும் அறையில் தயாரான வாயுவை ஒரு லிட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் பையில் நிரப்பி, பக்கத்திலேயே இருக்கும் ஸ்கேன் அறைக்கு எடுத்து வருவார்கள். நோயாளி மார்பைச் சுற்றி ஒரு உள்சட்டை போன்ற காயிலைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார். பையில் உள்ளதை முழுக்க உறிஞ்சி, பத்துப் பதினைந்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அவ்வளவுதான் அவகாசம். நுரையீரலில் உள்ள ஆக்சிஜனே அந்த ஒழுங்கை அரை நிமிடத்துக்குள் கலைத்துவிடும். வழக்கமான எம்ஆர்ஐ ஊற்றுள்ள கிணறு. இறைத்தாலும் திரும்ப ஊறும். செனான் குடத்துத் தண்ணீர். ஒவ்வொரு ரேடியோ துடிப்புக்கும் கொஞ்சம் மொண்டுவிட்டால் அது போனதுதான். ஸ்கேனை வடிவமைப்பவர் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். செனான் மயக்க மருந்தும்கூட என்பதால் சிலருக்குச் சற்றுத் தலை கிறுகிறுக்கும். ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

காற்று போகாத இடங்கள் இந்தப் படத்தில் கறுப்பு ஓட்டைகளாகத் தெரியும். ஸ்பைரோமெட்ரி ஊதலில் எண்கள் இயல்பாக இருக்கும் ஆஸ்துமா நோயாளியிடம்கூட இந்த ஓட்டைகள் தெரிவதுண்டு. ஊதல் சோதனை இரண்டு நுரையீரல்களுக்கும் சேர்த்து ஒரு எண் தருகிறது. படம் இடம் சொல்கிறது.

ஆனால் செனானின் உண்மையான பலம் காற்றோட்டத்தில் இல்லை. உள்ளே போன செனானில் ஒன்றிரண்டு சதவீதம் திசுவில் கரைகிறது. காற்றறைச் சவ்வில் கரைந்ததும் அதன் அதிர்வெண் வாயு நிலையிலிருந்து சுமார் 197 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 197 பங்கு) தள்ளிப் போகிறது. சிவப்பணுவுக்குள் நுழைந்ததும் சுமார் 217. ஆக, காற்று, சவ்வு, ரத்தம் என்று ஆக்சிஜன் போகும் அதே பாதையின் மூன்று படிகளையும் ஒரே மூச்சில் தனித்தனியாக அளக்கலாம். நுரையீரல் நார்த்தடிப்பு நோயில் சவ்வுச் சிக்னல் கூடி, சிவப்பணுச் சிக்னல் குறைகிறது. கோவிட் வந்துபோன பிறகும் மூச்சுத் திணறல் தீராதவர்களை ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு குழுக்கள் இந்த முறையில் பார்த்தன. சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று வந்தவர்களிடம்கூட வாயு ரத்தத்துக்குள் இறங்குவது குறைந்திருந்தது. "ஸ்கேன் நார்மல்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். இதை எம்ஆர்ஐயில் இவ்வளவு துல்லியமாகச் செய்ய இன்று வேறு வழி இல்லை.

தடைகளும் உண்டு. 3 டெஸ்லாவில் புரோட்டான் 128 மெகாஹெர்ட்ஸ் அருகே பேசும். செனான் 35 மெகாஹெர்ட்ஸில். எனவே பல அணுக்கருக்களுக்கான பெருக்கியும் அதற்கான உரிமமும், செனான் காயிலும், போலரைசரும், அதை நாள்தோறும் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். போலரைசர் வந்து, ஆள் வராமல் நிற்பதுதான் நான் அதிகம் அஞ்சும் நிலை. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022 டிசம்பரில் செனான்-129ஐ 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு அனுமதித்தது. அந்த அனுமதி காற்றோட்டத்தை மதிப்பிடுவதற்கு.

ஹீலியம்-3 பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அதன் சிக்னல் செனானைவிட வலுவானதுதான். ஆனால் அது டிரிட்டியம் சிதைவதிலிருந்து கிடைப்பது. அமெரிக்க எல்லைகளில் நியூட்ரான் கண்டறியும் கருவிகளுக்குக் கையிருப்பு போனதும் 2009 வாக்கில் கடும் தட்டுப்பாடு வந்தது. அது ரத்தத்திலும் கரைவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஃபுளோரின் வாயு

சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு, பெர்ஃபுளோரோபுரொப்பேன் போன்ற வாயுக்களை 21 சதவீத ஆக்சிஜனோடு கலந்து மூச்சில் கொடுப்பது அடுத்த வழி. லேசர் வேண்டாம், போலரைசர் வேண்டாம். சிலிண்டரைத் திறந்தால் போதும். ஆக்சிஜன் கலந்தே இருப்பதால் நோயாளி பல மூச்சுகள் தொடர்ந்து இழுக்கலாம். வாயு உள்ளே நிரம்புவதையும் வெளியேறுவதையும் மூச்சு மூச்சாகப் பார்க்கலாம். மேலே சொன்ன மிட்செல் ஆல்பர்ட்டின் லேக்ஹெட் பல்கலைக்கழகக் குழு கனடாவிலும், நியூகாசில் குழு பிரிட்டனிலும் மனிதர்களிடம் இதைச் செய்து காட்டியிருக்கின்றன.

படத்தின் நுணுக்கம் செனானுக்குக் கீழேதான். ஃபுளோரின் வாயு ரத்தத்தில் கரையாததால் வாயுப் பரிமாற்றம் பற்றி எதுவும் சொல்லாது. வெளிவிடும் மூச்சைப் பிடித்துச் சேகரிக்கும் ஏற்பாடும் வேண்டும்: சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப்போல் 23,500 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. அதை ஜன்னல் வழியே விடுவது நியாயமில்லை.

இருந்தும் இந்த வழியை நான் ஒதுக்கமாட்டேன். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

செல்களைப் பின்தொடர்வது

செல் சிகிச்சையில் செல் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு, நெதர்லாந்தின் நைமேகன் நகரிலிருந்து 2005இல் வந்த ஆய்வைத்தான் எப்போதும் சொல்வேன். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எட்டுப் பேருக்கு, அவர்களுடைய டென்ட்ரிட்டிக் செல்களை (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) இரும்பு ஆக்சைடால் லேபிள் செய்து, அல்ட்ராசவுண்டு பார்த்தபடியே நிணநீர்க் கணுவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். எம்ஆர்ஐயில் பார்த்தால், பாதிப் பேருக்குச் செல்கள் கணுவுக்குள் இல்லை, பக்கத்தில் கிடந்தன. படம் எடுக்காமல் இருந்திருந்தால், "சிகிச்சை பலன் தரவில்லை" என்றுதான் பதிவாகியிருக்கும்.

இரும்பின் பலம் அதன் உணர்திறன். சாதகமான நிலையில் விலங்கின் மூளையில் ஒற்றைச் செல்லைக்கூடக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இரும்பு படத்தில் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். மூளையின் சாம்பல் பின்னணியில் அது பளிச்சென்று தெரிகிறது. நுரையீரலோ ஏற்கெனவே கறுப்பு. கறுப்பில் கறுப்பை எங்கே தேடுவது? நுரையீரலுக்கான செல் சிகிச்சையை ஆராய்பவர்கள் பலர், மற்ற உறுப்புகளில் வந்த அழகான இரும்புப் படங்களைப் பார்த்துவிட்டு இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இதைச் சுற்றிப் போகவும் வழிகள் கண்டிருக்கிறார்கள். 2010இல் ரோசா பிராங்காவின் குழு, ஹைப்பர்போலரைஸ் செய்த ஹீலியத்தால் எலியின் நுரையீரலை வெளிச்சமாக்கி, புற்றுச் செல்களைத் தேடிச் சென்று ஒட்டும் இரும்புத் துகள்களை அந்த வெளிச்சத்தில் கறுப்பாகக் காட்டியது. எண்ணம் பிரமாதம். ஆனால் இரண்டு கடினமான தொழில்நுட்பங்களை ஒரே சமயத்தில் கையாள வேண்டும். இன்னொன்று, எம்ஆர்ஐயை விட்டே விலகி, இரும்புத் துகளை மட்டும் நேரடியாகப் படமெடுக்கும் காந்தத் துகள் இமேஜிங். பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்து 2005இல் வெளியான இந்த முறைக்கு நுரையீரல் கறுப்பு ஒரு பொருட்டே அல்ல. ரத்தக்குழாய் வழி செலுத்திய ஸ்டெம் செல்கள் முதலில் நுரையீரலில் சிக்கி, பிறகு அந்தச் சிக்னல் கல்லீரலுக்கு நகர்வதை எலிகளில் இது தெளிவாகக் காட்டியது. சிறு விலங்குகளோடு வேலை நின்றுவிடும் என்றால் தாராளமாக யோசிக்கலாம்.

இரும்புக்கு இன்னொரு பிரச்சினை, செல் செத்த பிறகும் இரும்பு அங்கேயே இருக்கும் என்பது. கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கிக்கொள்ளும். படத்தில் அதே கறுப்புப் புள்ளி. "செல் உயிரோடு இருக்கிறது" என்று எழுதத் தோன்றும். ரத்தக் கசிவும் அதே மாதிரிதான் தெரியும்.

ஃபுளோரின் லேபிள் இதற்கு நேரெதிர். உடம்பில் எம்ஆர்ஐக்குத் தெரியும் ஃபுளோரின் கிட்டத்தட்ட இல்லை. பல்லிலும் எலும்பிலும் இருப்பது திண்ம நிலையில் இருப்பதால் சிக்னல் தருவதில்லை. ஆகவே படத்தில் வெளிச்சம் எங்கே வந்தாலும் அது லேபிள்தான். பக்கத்தில் அளவு தெரிந்த ஃபுளோரின் குழாய் ஒன்றை வைத்து எடுத்தால், வெளிச்சத்திலிருந்து செல் எண்ணிக்கையைக் கணக்கிடலாம். எரிக் ஆரென்ஸின் குழு 2005இல் இதை அறிமுகப்படுத்தியது. 2014இல் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் டென்ட்ரிட்டிக் செல்களைக் கொண்டு முதல் மனித முயற்சியை வெளியிட்டது. ஒரு கோடி செல் செலுத்தியபோது தெரிந்தது. பத்து லட்சத்தில் தெரியவில்லை. இந்த ஒரு தகவலே இந்த முறையின் குறையைச் சொல்லிவிடும். ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் செல்கள் குவிந்திருந்தால்தான் தெரியும். பரவிவிட்டால் மறைந்துவிடும். அப்புறம், இந்தச் சேர்மங்களில் சில கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், செத்த செல்லின் லேபிள் குழப்பம் இங்கேயும் முழுக்கத் தீரவில்லை.

உணர்திறன்தான் முக்கியம் என்றால் அணு மருத்துவம் முன்னே நிற்கிறது. அரை ஆயுள் 2.8 நாள் உள்ள இண்டியம்-111, 3.3 நாள் உள்ள சிர்கோனியம்-89 இரண்டும் முதல் ஒரு வாரத்துக்கு நல்ல விடை தரும். அதற்குப் பிறகு சிக்னல் மங்கிக்கொண்டே போகும். லேபிள் செய்த செல்லுக்கே கதிர்வீச்சு படுகிறது என்பதும் உண்டு.

என் முடிவு

மருத்துவமனைக் குழு, நோயாளிகளின் காற்றோட்டத்தைக் காலப்போக்கில் பின்தொடர வேண்டும் என்றால்: யூ.டி.ஈ. கூட ப்ரீஃபுல். வேறு எதுவும் வாங்காதீர்கள்.

நார்த்தடிப்பு, கோவிட்டுக்குப் பிந்தைய மூச்சுத் திணறல், நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்று கேள்வி வாயுப் பரிமாற்றத்தில் இருந்தால் செனானைத் தவிர வேறில்லை. அதற்கு ஒரு நிரந்தரப் பணியிடத்தையும் சேர்த்து நிதி கேளுங்கள். பணியிடம் கிடைக்காவிட்டால் போலரைசரையும் வாங்காமல், ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் மையத்தோடு கூட்டு சேருங்கள்.

நுரையீரலும் வேண்டும், செல்லும் வேண்டும், பணம் ஒரு தடவைதான் என்றால் நான் ஃபுளோரினைத் தேர்ந்தெடுப்பேன். 3 டெஸ்லாவில் ஃபுளோரின் 120 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது, புரோட்டானுக்கு மிக அருகில். இரண்டுக்கும் இசைக்கக்கூடிய ஒரே காயில் செய்வது செனானைவிட எளிது. அதே காயில் காலையில் செல்லையும் மாலையில் வாயுவையும் பார்க்கும். ரத்தக்குழாய் வழி செலுத்தும் ஸ்டெம் செல்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்: அவற்றின் விட்டம் 15 முதல் 30 மைக்ரான், நுரையீரல் நுண்குழாய்கள் 10 மைக்ரானுக்கும் கீழே, ஆகவே முதல் சுற்றிலேயே பெரும்பாலானவை அங்கே குவிகின்றன. ஃபுளோரின் கேட்பதும் அந்தக் குவியலைத்தான். வாயுப் படமும் செல் படமும் ஒரே விலங்கில் வேண்டுமானால், செல் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன், பெருக்கியும் உரிமமும் விலைக்குள் அடங்குமா, பச்சைத் தரவை (படமாக மாற்றப்படாத மூலத் தரவு) வெளியே எடுக்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எலிகளுக்கு எந்த மயக்க வாயு பயன்படுத்துகிறீர்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலான விலங்கு ஆய்வகங்களில் இருப்பது ஐசோஃபுளூரேன். அதன் ஒரு மூலக்கூறில் ஐந்து ஃபுளோரின் அணுக்கள். அது கொழுப்பில் சேர்ந்து படத்தில் வெளிச்சமாக வரும், செல் இல்லாத இடத்தில் செல் இருப்பதாகக் காட்டும். ஊசி வழி மயக்க மருந்துக்கு மாறலாம், அல்லது லேபிளின் அதிர்வெண்ணை மட்டும் தேர்ந்து தூண்டலாம். எப்படியிருந்தாலும், லேபிள் இல்லாத செல் செலுத்திய விலங்குகள் ஒரு குழு, லேபிள் செய்து கொன்ற செல் செலுத்திய விலங்குகள் ஒரு குழு என்று இரண்டையும் ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்க்க நினைத்தால் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் மறுபடி முதலிலிருந்து போக வேண்டிவரும்.